கீழ்ப்பழனி மலைச் சிறுதோட்டக் காபி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திண்டுக்கல் மாவட்டத்தில், கொடைக்கானலுக்குக் கீழே தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர், பாச்சலூர் பக்கம் இரண்டு ஏக்கர், ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்கள் அரபிகா காபி விளைவிக்கின்றன. அதில் மிகக் கொஞ்சம் தோட்டத்தின் பெயரோடு தனியாக வறுத்து விற்பனைக்கு வருகிறது. அந்தக் கொஞ்சத்தைப் பற்றிய கேள்விகள்தான் இங்கே. ஃபில்டர் காபியில் வளர்ந்தவர்கள் கேட்பவை என்பதால், நாக்கு நுனியில் மல்லிகை மணக்கிறது என்ற மாதிரிப் பேச்சைக் குறைத்திருக்கிறேன். விலையைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள், அதற்குப் பதிலும் நீளம்.

கொடைக்கானல் பக்கம் பிளம்ஸ், பூண்டு, கேரட்தானே? காபி எங்கே வந்தது?

நீங்கள் சொல்வது மேல்மலை. ஏரியைச் சுற்றியும் அதற்கு மேலேயும் குளிர் அதிகம், பனிக்காலத்தில் உறைபனி விழும். காபிச் செடிக்கு அது ஆகாது. வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறும்போது பாதி வழியில் வருகிற சரிவுகள்தான் கீழ்ப்பழனி. காபி பெரும்பாலும் 1000 முதல் 1500 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. தனிக் காபிக்காடு என்று பார்க்க முடியாது. மேலே சில்வர் ஓக்கும் பலாவும், அந்த மரங்களில் ஏறிய மிளகு, நடுவில் மலைவாழை, இப்போது நிறைய இடங்களில் பட்டர் ஃப்ரூட், கீழே காபி. ஒரு காலத்தில் கமலா ஆரஞ்சுக்குப் பேர்போன மலை இது. நோய் வந்து ஆரஞ்சு படுத்ததும் காபியும் மிளகும்தான் குடும்பங்களைத் தாங்கின. மத்திய அரசின் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்றே தாண்டிக்குடியில் இருக்கிறது.

நாட்டுக் கணக்கில் இது சின்ன இடம்தான். இந்தியக் காபியில் ஏறக்குறைய 70 சதவீதம் கர்நாடகம், 20 சதவீதம் கேரளம். தமிழ்நாட்டின் பங்கு 5 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நாட்டு விளைச்சலில் பெரும்பகுதி ரோபஸ்டா என்ற இன்னொரு காபி இனம், தமிழ்நாட்டிலோ பெரும்பகுதி அரபிகா.

செடி எங்கிருந்து வந்தது?

அரபிகாவின் பிறப்பிடம் எத்தியோப்பியா. அங்கிருந்து யேமன் மலைகளுக்குப் போய், அங்கேதான் பயிராக வளர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதான் என்ற சூஃபி ஏழு விதைகளை யேமனிலிருந்து கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. தமிழ்நாட்டில் பழைய பதிவு ஏற்காட்டுக்கு உரியது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் அங்கே காபி பயிரிட வைத்தார்.

ஸ்பெஷாலிட்டி காபி என்றால் என்ன? விலையைக் கூட்ட ஒட்டிய பெயரா?

பல பாக்கெட்டுகளில் அப்படித்தான். ஆனால் பெயருக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பயிற்சி பெற்றவர்கள் காபியைச் சுவைத்து நூற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள். 80-ம் அதற்கு மேலும் வந்தால் ஸ்பெஷாலிட்டி. அதற்கு முன்பே 350 கிராம் வறுக்காத பச்சைக் கொட்டையைக் கொட்டி, பூச்சி துளைத்தது, கறுத்தது, புளித்தது, உடைந்தது எல்லாவற்றையும் எண்ணுவார்கள். முழுக் கறுப்பு, முழுப் புளிப்பு போன்ற பெரிய குறை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதுதான் நெடுங்காலமாக இருந்துவரும் விதி. ஈரப்பதம் 10 முதல் 12 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும்.

80 என்பது பெரிய சிகரம் ஒன்றும் இல்லை. பழுத்த பழத்தை மட்டும் பறித்து, அன்றே பக்குவம் செய்து, ஒழுங்காகக் காய வைத்த நல்ல அரபிகா பெரும்பாலும் அங்கே வந்துவிடும். இந்த மூன்றையும் வருடா வருடம் செய்ய ஆள், நேரம், பணம் இருக்கிறதா என்பதுதான் சிக்கல்.

இவ்வளவு காலமாக விளைகிறது, ஏன் இதுவரை கீழ்ப்பழனிக் காபி என்ற பெயரைக் கேட்டதே இல்லை?

இந்தப் பக்கத்தில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். காபி நன்றாக இல்லாததால் பெயர் வெளியே வராமல் போகவில்லை. பெயர் வெளியே வர வழியே இல்லாமல் இருந்தது.

1942-ல் வந்த காபிச் சட்டத்தின்படி விளைந்ததை எல்லாம் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டும். போர்க்காலத்தில் ஐரோப்பியச் சந்தை போய்விட்டதால் விவசாயியைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு அது, அந்த நேரத்துக்குக் காப்பாற்றவும் செய்தது. ஆனால் அரை நூற்றாண்டு நீடித்தது. உங்கள் மூட்டையும் பக்கத்து மலைக்காரர் மூட்டையும் தரவாரியாகப் பிரிந்து ஒரே குவியலில் சேரும். பணம் தவணை தவணையாக வரும். நீங்கள் பழுத்த பழமாகப் பொறுக்கிப் பறித்ததற்கும் அடுத்தவர் பச்சைக் காயோடு உருவிப் போட்டதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் தெரியாது. அப்புறம் யார் கஷ்டப்பட்டுப் பொறுக்குவார்கள்?

1990-களில் அந்தக் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து, 1996-க்குள் விவசாயிகள் யாருக்கும் விற்கலாம் என்றானது. பெரிய எஸ்டேட்டுகள் இதைப் பிடித்துக்கொண்டன. சிறு விவசாயிக்குப் பழைய பழக்கமே வேறு உருவத்தில் தொடர்ந்தது. காய்ந்த காபியை ஊருக்கு வரும் வியாபாரி எடுத்துக்கொண்டு போவார், அது அடிவாரத்தில் பட்டிவீரன்பட்டி போன்ற ஊர்களில் தோல் நீக்கி, தரம் பிரித்து, எங்கெங்கோ விளைந்ததோடு சேர்ந்து மூட்டையாகும். கடையில் உங்கள் கைக்கு வரும்போது அது 'பிளாண்டேஷன் ஏ' என்ற தரப் பெயர்தான். எந்த மலை, எந்த வீடு என்பதற்கு அதில் இடம் இல்லை.

2019-ல் குடகு, சிக்மகளூர், பாபாபுதன்கிரி, அரக்கு அரபிகாக்களுக்கும் வயநாடு ரோபஸ்டாவுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஐந்தில் தமிழ்நாட்டு மலை ஒன்றும் இல்லை. இதே பழனி மலையின் விருப்பாச்சி வாழைக்கு அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே கிடைத்துவிட்டது!

ஆகவே 'அரிது' என்று நான் சொல்லும்போது செடி அரிது என்று அர்த்தம் இல்லை. ஒரே வீட்டுக் காபி வேறு எதோடும் கலக்காமல் கடைசிவரை வந்து சேர்வதுதான் அரிது.

விலை ஏன் மூன்று நான்கு மடங்கு? கடையில் உயர்ந்தது என்று விற்கும் பீபெரியே பாதி விலைக்குக் கிடைக்கிறதே.

பழத்திலிருந்து ஆரம்பிப்போம். ஏறக்குறைய 6 கிலோ அரபிகாப் பழத்துக்கு 1 கிலோ பச்சைக் கொட்டை கிடைக்கும். வறுக்கும்போது ஆறில் ஒரு பங்கு எடை போய்விடும். அப்படியானால் 1 கிலோ வறுத்த காபிக்கு 7 கிலோ பழம். ஸ்பெஷாலிட்டிக்காகக் குறைக் கொட்டைகளைப் பொறுக்கிக் கழித்தால் அது 8 கிலோவை எட்டும். கழித்ததும் விலை போகும், ஆனால் சாதா விலைக்கு.

அடுத்தது பறிப்பு. செலவில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது. காபிப் பழம் ஒரே நாளில் பழுக்காது. ஒரே கிளையில் சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றும் இருக்கும். சாதா காபிக்கு ஒன்றிரண்டு முறை பறித்து, கடைசியில் எல்லாவற்றையும் உருவிவிடலாம். நல்ல காபிக்கு நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் மூன்று நான்கு முறை அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும். எடைக் கணக்கில் கூலி என்றால் சிவப்பை மட்டும் தேடுபவருக்கு நாள் முடிவில் எடை குறையும். அதனால் நாள் கூலியோ கூடுதல் கூலியோ கொடுத்துத்தான் ஆள் வைக்க முடியும். ஆளே கிடைப்பதில்லை என்பது தனிக் கதை. திருப்பூர்ப் பக்கம் போன இளைஞர்கள் பழம் பறிக்கத் திரும்ப வருவதில்லை. இரண்டு மூன்று ஏக்கர் குடும்பத்தில் வீட்டு ஆட்களே பறிக்கிறார்கள். அந்த உழைப்பை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

விளைச்சலும் குறைவு. இந்தியாவில் அரபிகாவின் சராசரியே ஹெக்டேருக்கு 400, 500 கிலோ அளவில்தான் நிற்கிறது. நிழலில் வளரும், சரிவில் நிற்கும், சொட்டுநீர் இல்லாமல் மழையை நம்பியிருக்கும் செடி. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல கோடை மழை விழுந்தால் ஒன்றரை வாரத்துக்குள் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். அந்த மழை தப்பினாலோ, மொட்டு நனைகிற அளவுக்கு மட்டும் தூறிவிட்டுப் போனாலோ அந்த வருடக் காய்ப்பே பாதிதான். இவ்வளவு போக, சின்ன அளவில் செய்வதற்கே ஒரு செலவு இருக்கிறது. 40 கிலோ காபிக்கும் தனியாகத் தோல் நீக்க வேண்டும், தனியாக வறுக்க வேண்டும், மதிப்பெண்ணுக்குத் தனியாக மாதிரி அனுப்ப வேண்டும். 4 டன்னுக்கும் அதே வேலைகள்தான்.

இதெல்லாம் சேர்ந்து இரண்டு மடங்கு விலை நியாயம் என்பது என் கணிப்பு. அதற்கு மேல் போனால் எதற்காக என்று கேளுங்கள். நல்ல பதில் இருக்கலாம். அட்டைப்பெட்டியும் காந்த மூடியும்தான் பதில் என்றால் அந்தப் பணம் மலைக்குப் போகவில்லை.

அந்தக் கூடுதல் பணம் விவசாயிக்குப் போகிறதா?

எந்த நிலையில் விற்கிறார் என்பதைப் பொறுத்தது. பழமாகவே விற்றால் கையில் உடனே காசு வரும், ஆனால் விலை மிகக் குறைவு. பழத்தைப் பல்பரில் போட்டுத் தோல் நீக்கி, நொதிக்க வைத்து, கழுவிக் காய வைத்தால் மேலே ஓட்டோடு இருக்கும் பார்ச்மென்ட். அதற்குப் பழத்தைவிடக் கூடுதல் விலை. அப்படி விற்கும்போது 'அவுட்டர்ன்' என்று ஒரு கணக்குப் பார்ப்பார்கள். ஓடு நீக்கினால் எத்தனை சதவீதம் கொட்டை தேறும் என்பது அது. நல்ல பார்ச்மென்ட்டில் 80 சதவீதம் வரும். வியாபாரி அதை 76 என்று சொன்னால், சொந்த எடைக்கருவியும் ஈரமானியும் இல்லாதவர் என்ன பேச முடியும்? சுவை பற்றிய படிப்பைவிட ஒரு ஈரமானி சிறு விவசாயிக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. அரபிகாவின் அடிப்படை விலை நியூயார்க் சந்தையில் முடிவாகிறது. பெரும்பாறையில் இருப்பவர்கூடக் காலையில் கைபேசியில் அதைத்தான் பார்க்கிறார். 2001, 2002-ல் அந்த விலை விழுந்தபோது பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டவில்லை. 2025 பிப்ரவரியில் அதே விலை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. விலை ஏறினால் ஸ்பெஷாலிட்டிக்கு நல்லது என்று தோன்றும், நடப்பது வேறு. சாதா காபிக்கே நல்ல விலை கிடைக்கும்போது, நான்கு முறை பறித்து மூன்று வாரம் காய வைத்து மதிப்பெண்ணுக்குக் காத்திருக்க யாருக்குப் பொறுமை வரும்? அந்த மாதிரி வருடத்தில் சந்தை விலைக்கு மேல் இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி, பாதியை முன்பணமாகக் கொடுக்கும் வறுப்பாளருக்குத்தான் நல்ல காபி கிடைக்கும். நீங்கள் வாங்கும் கடையில் இதைக் கேட்டுப் பாருங்கள். உண்மையிலேயே கொடுப்பவர் தயங்காமல் சொல்வார்.

என்ன ரகம்? கெய்ஷா உண்டா?

கீழ்ப்பழனியில் அதிகம் காண்பது எஸ்.795, காவேரி, செலக்‌ஷன் 9, சந்திரகிரி. எஸ்.795 பழைய ஆள். கர்நாடகத்துக் கென்ட்ஸ் ரகத்தையும், லைபீரிகா என்ற வேறு காபி இனத்தின் ரத்தம் கொஞ்சம் கலந்த எஸ்.288-ஐயும் சேர்த்துப் பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியது. இலைத்துரு நோயைத் தாங்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அந்த நோய் லேசுப்பட்டது இல்லை. 1869-ல் இலங்கையில் தலைகாட்டி, இருபது வருடத்துக்குள் அங்கே காபியையே ஒழித்து மலையைத் தேயிலைக்கு மாற்றியது. காபிக்காகக் கப்பலேறிய தமிழர்களின் பிள்ளைகள் தேயிலை பறிக்க நேர்ந்தது அப்படித்தான்.

நோய்க்காக உருவாக்கிய செடி சுவைக்கு ஆகாது என்று சிலர் சொல்வார்கள். எஸ்.795 விஷயத்தில் அது தவறு. நன்றாகப் பக்குவம் செய்தால் வெல்லத்தையும் மசாலாவையும் நினைவூட்டும் அடர்த்தியான காபி தரும். பால் சேர்த்தாலும் தாங்கும். காவேரி விளைச்சலுக்குப் பெயர்போனது, சுவையில் சாதாரணம்.

கெய்ஷா எத்தியோப்பியக் காட்டிலிருந்து கிளம்பி, 2004-ல் பனாமா ஏலத்தில் பவுண்டு 21 டாலருக்குப் போய் உலகைத் திரும்பிப் பார்க்க வைத்த ரகம். நம் பக்கமும் சிலர் நட்டுப் பார்க்கிறார்கள். ஆனால் அது இன்னும் சோதனைதான். இரண்டு ஏக்கரை மட்டும் நம்பி வாழும் குடும்பத்திடம் அதை நடச் சொல்ல எனக்கு மனம் வராது.

வாஷ்டு, நேச்சுரல், ஹனி என்று போட்டிருக்கிறதே, எதை வாங்க?

முதல் தடவை என்றால் வாஷ்டு.

காரணம் மழை. பழத்தின் தோலை நீக்கி, உள்ளே இருக்கும் வழவழப்பை ஒரு நாளோ ஒன்றரை நாளோ நொதிக்க வைத்துக் கழுவிக் காய வைப்பது வாஷ்டு. பழத்தை அப்படியே முழுதாகக் காய வைப்பது நேச்சுரல், நம் வியாபாரத்தில் செர்ரி என்பது இதைத்தான். தோலை மட்டும் நீக்கி வழவழப்போடு காய வைத்தால் ஹனி. தேனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நேச்சுரல் காய இரண்டு மூன்று வாரம் வெயில் வேண்டும். கர்நாடகத்து மலைகளுக்குத் தென்மேற்குப் பருவமழை முடிந்த பிறகு அறுவடை, வானம் தெளிவாக இருக்கும். கீழ்ப்பழனிக்கு வடகிழக்குப் பருவமழை முக்கியம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அது பெய்துகொண்டிருக்கும்போதே பழம் பழுக்க ஆரம்பித்துவிடும். ஒரு புயல் சின்னம் வந்தால் நான்கு நாள் சூரியனே தெரியாது. களத்தில் கிடக்கும் பழம் பூசணம் பிடித்துவிடும்.

இந்த மலையில் நல்ல நேச்சுரல் செய்பவர் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே வலைக் கட்டில் போட்டு, மெலிதாகப் பரப்பி, ஒரு நாளைக்குப் பல தடவை கிளறிவிடுகிறார் என்று அர்த்தம். அப்படிச் செய்தது அபாரமாக இருக்கும். அரைகுறையாகச் செய்ததில் அழுகிய பலா வாடை வரும், அதையும் 'பழச்சுவை' என்று எழுதி விற்பவர்கள் உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் பறித்த நேச்சுரலா என்று கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். அப்போது வானம் ஓரளவு தெளிந்திருக்கும்.

பக்கத்தில் ஆரஞ்சு மரம், பலா மரம் இருந்தால் அந்த வாசம் காபியில் இறங்குமாமே?

இறங்காது. கேட்க அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். வேர் வழியாகவோ காற்று வழியாகவோ ஆரஞ்சு வாசம் கொட்டைக்குள் போக வழியில்லை. காபியில் தெரியும் புளிப்பும் பழவாசமும் ரகம், உயரம், பழம் பழுத்த அளவு, நொதிக்க வைத்த விதம், வறுப்பு இவற்றால் வருபவை. நிழல் மரங்கள் செய்யும் உதவி வேறு. வெப்பத்தைக் குறைத்துப் பழம் மெதுவாகப் பழுக்க வைக்கின்றன, அதனால் கொட்டை இறுகுகிறது. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு வெயில் படும் தண்டுகளைத்தான் அதிகம் தேடும், நிழல் அதையும் கட்டுப்படுத்துகிறது. அரபிகா விவசாயி மழைக்கு அடுத்தபடியாகப் பயப்படுவது இந்த வண்டுக்குத்தான். உள்ளே போய்விட்டால் மருந்தில்லை, செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டியதுதான்.

இயற்கை விவசாயமா?

சிலருடையது ஆம், பலருடையது பாதி. மலையில் ரசாயன உரம் குறைவாகப் போடுவதற்குக் கொள்கை பாதி, சுமந்து ஏற்றும் செலவு பாதி. இலைத்துருவுக்குப் பெரும்பாலும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை தெளிப்பார்கள், இயற்கை விவசாயச் சான்றிதழ்களும் அதைக் கட்டுப்பாட்டோடு அனுமதிக்கின்றன. அந்தச் சான்றிதழுக்கு ஆகும் செலவு இரண்டு ஏக்கர்க்காரருக்குத் தனியாகக் கட்டாது. குழுவாகச் சேர்ந்தால்தான் முடியும். ஆகவே முத்திரை இல்லை என்பதால் மருந்தடித்தது என்று முடிவு கட்டாதீர்கள். 'முழுக்க இயற்கை' என்று முத்திரை இல்லாமல் எழுதியிருப்பதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

வீட்டு ஃபில்டரில் போடலாமா? பால் ஊற்றினால் குற்றமா?

ஒரு குற்றமும் இல்லை. காசு கொடுத்து வாங்கியது நீங்கள். ஆனால் எந்த வறுப்பு என்று பார்த்து வாங்குங்கள். இளவறுப்பை நம் ஃபில்டரில் போட்டுப் பால் ஊற்றினால் புளித்த பால் மாதிரி ஒரு சுவை வரும், அப்புறம் மலையையே திட்டுவீர்கள். ஃபில்டருக்கு நடுத்தர வறுப்போ அதற்குச் சற்று மேலோ கேளுங்கள். 25 கிராம் தூள், கொதித்து அடங்கிய தண்ணீர் 120 மில்லி, லேசாக அமுக்கி 15, 20 நிமிடம் விடுங்கள். கடையில் வாங்கும் சிக்கரிக் கலவையைவிட டிகாக்‌ஷன் வேகமாக இறங்கும். நிறமும் கறுப்பாக இருக்காது, செம்பழுப்புதான். பாலைக் குறைத்து, சர்க்கரை போடாமல் முதலில் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் போடுங்கள்.

கறுப்பாகக் குடிக்க, 15 கிராம் தூளுக்கு 240 மில்லி தண்ணீர், காகித வடிகட்டி, மூன்று நிமிடம். ஆறிக்கொண்டே வரும்போது சுவை மாறுவதைக் கவனியுங்கள். நல்ல காபி ஆறினால் இனிக்கும், மோசமானது ஆறினால் குடிக்கவே முடியாது. சோதனைக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

சிக்கரி சேர்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். இந்தக் காபியில் வேண்டாம். சிக்கரிமேல் எனக்குக் கோபம் இல்லை. நம் காபியின் அடர்த்தியும் நிறமும் அதனால் வந்தவை, எனக்கும் பிடிக்கும். ஆனால் அதை எந்தக் காபியில் கலந்தாலும் சிக்கரிதான் முன்னால் நிற்கும். கலக்கத்தான் போகிறீர்கள் என்றால் பாதி விலைக் காபி போதும். கடைக் கலவையில் சட்டப்படி 51 சதவீதமாவது காபி இருக்க வேண்டும், விகிதத்தைப் பாக்கெட்டில் எழுதியும் இருக்க வேண்டும். ஒரு தடவை திருப்பிப் படித்துப் பாருங்கள்.

ஸ்ட்ராங்காக இருக்குமா?

கசப்பையும் நிறத்தையும் வைத்துத்தான் நாம் ஸ்ட்ராங் என்கிறோம். அந்த அர்த்தத்தில் இல்லை. கஃபீன் கணக்கிலும் அரபிகாவில் 1.2 சதவீதத்தை ஒட்டித்தான், ரோபஸ்டாவில் அதைப்போல் இரண்டு மடங்கு அளவுக்கு. தூக்கம் கலையத்தான் காபி என்றால் பாதி விலை ரோபஸ்டாவே நன்றாகக் கலைக்கும்.

பீபெரிதானே உயர்ந்த ரகம்?

பீபெரி ரகமே இல்லை. பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதில் ஒன்றே உருண்டையாக விளைந்தால் அது பீபெரி. எல்லாச் செடியிலும் கொஞ்சம் வரும், நூற்றுக்கு ஐந்து பத்து. உருண்டையாக இருப்பதால் சீராக வறுபடும், அது ஒரு வசதி. மற்றபடி மோசமான தோட்டத்துப் பீபெரி மோசமான காபிதான்.

மரநாய் தின்று போட்ட காபி கிடைக்குமா?

கிடைக்கும், வாங்காதீர்கள். மரநாய்கள் இந்தத் தோட்டங்களில் இரவில் உலாவுகின்றன, நன்றாகப் பழுத்த பழமாகத் தேர்ந்து தின்கின்றன, எச்சத்தில் கொட்டை கிடக்கும். எல்லாம் உண்மை. ஆனால் காட்டில் பொறுக்கியதா, கூண்டில் அடைத்துப் பழம் திணித்ததா என்று வாங்குபவர் கண்டுபிடிக்க வழியே இல்லை. இந்தோனேசியாவில் விலை ஏறியதும் கூண்டுகள் வந்துவிட்டன. சுவையும் அந்த விலைக்கு ஈடில்லை.

பாக்கெட்டில் எதைப் பார்த்து நம்புவது?

வறுத்த தேதி முதலில். 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்பது மட்டும் இருந்தால் அது எப்போது வறுத்தது என்று உங்களுக்குத் தெரியாது. அப்புறம் எந்த ஊர், யார் தோட்டம், என்ன ரகம், எந்தப் பக்குவம், எந்த வருட அறுவடை. 'பழனி மலை' என்று மட்டும் இருந்தால் அது கலவை. கலவை தப்பில்லை, ஆனால் தனித்தோட்ட விலை கொடுக்காதீர்கள். விவசாயியின் சிரித்த முகம் அச்சிட்டிருப்பது ஆதாரம் ஆகாது. ஒரு தோட்டத்து 40 கிலோ தீர்ந்துவிட்டது, அடுத்த மார்ச்சில்தான் வரும் என்று சொல்லும் கடையை நான் நம்புவேன். ஒரே சிறுதோட்டக் காபி வருடம் முழுக்க எந்த நேரத்திலும் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைத்தால் ஏதோ இடிக்கிறது.

எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

வறுத்த அன்றே போடாதீர்கள், உள்ளே வறுத்தபோது உண்டான வாயு நிறைய இருக்கும், சுவை ஒட்டாது. ஒரு வாரம் விட்டு, ஐந்தாறு வாரத்துக்குள் முடியுங்கள். கொட்டையாக வாங்கி அன்றன்று அரைப்பது நல்லது. மிக்ஸியில் விட்டு விட்டு அரைத்தால்கூடப் பரவாயில்லை. தூளாக வாங்கினால் 100 கிராமுக்கு மேல் வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியில் மோர்க்குழம்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் அலமாரியில் இருக்கட்டும்.

தோட்டத்தைப் போய்ப் பார்க்கலாமா?

பார்க்கலாம், சொல்லிவிட்டுப் போங்கள். பறிப்பும் களமும் பார்க்க டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடிய நல்ல நேரம். பூப் பார்க்க மார்ச், ஏப்ரல், ஆனால் மழை எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது, பூவும் இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடிக்குப் பேருந்து உண்டு. மழைக்காலத்தில் அட்டை இருக்கும். சில பகுதிகளில் யானையும் காட்டுமாடும் நடமாடுவதால் இருட்டுவதற்குள் இறங்கிவிடச் சொல்வார்கள், கேளுங்கள். களத்தில் காய்வதை மிதிக்காதீர்கள். பழத்தைப் பிய்த்துச் சுவைத்துப் பார்க்க ஆசைப்பட்டால் கேட்டுவிட்டு ஒன்றிரண்டு எடுங்கள், தோலுக்கு உள்ளே லேசான இனிப்பு இருக்கும். அங்கேயே பச்சைக் கொட்டை விலைக்குக் கொடுத்தால் வாங்கி வந்து வீட்டு வாணலியில் மிதமான தீயில் கைவிடாமல் கிளறி வறுக்கலாம். சன்னல் திறந்திருக்கட்டும், புகையும் உமியும் நிறைய வரும்.